பக்கத்து மேஜைக்குப் போன போன்

என் வீட்டுக்காரருக்கு அடுத்தவர் போனைத் திறப்பதுதான் உத்தியோகம். போலீஸ் துறையின் சோதனைக்கூடத்தில் இருபது வருடமாகக் குப்பை கொட்டுகிறார். அங்கே அவரைச் ‘சாவி’ என்றுதான் கூப்பிடுவார்களாம். வீட்டில் பீரோவைத் திறக்கச் சொன்னால் மட்டும் அரை மணி நேரம் தடவுவார்.

கோர்ட் உத்தரவோடு வரும் போனைச் சிக்னல் எட்டாத தகரப் பெட்டிக்குள் வைத்து ஒரு மெஷினோடு இணைப்பார். பூட்டு உடைய சில சமயம் இரண்டு நாள் ஆகும், சில சமயம் இரண்டு மாதம். செய்தியை அனுப்பியவரையும் வாங்கியவரையும் தவிர யாராலும் படிக்க முடியாது என்று மெசேஜ் கம்பெனிக்காரன் சத்தியம் செய்கிறானே என்று ஒருமுறை கேட்டேன். வழியில் யாரும் படிக்க முடியாதுதான், ஆனால் வாங்கியவரின் போனே என் கைக்கு வந்துவிடுகிறதே என்றார்.

உடைப்பது மெஷின், படிப்பது இவர். வழக்குக்குச் சம்பந்தமில்லாததை ஒதுக்கிவிட வேண்டும் என்பது விதி. சம்பந்தமில்லை என்று தெரிந்துகொள்ளவும் படித்துத்தானே ஆக வேண்டும்? புருஷன் பெண்டாட்டி சண்டை, கெஞ்சல், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் இவர் கண்ணில் பட்டுத்தான் போகும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் யார் பேச்சும் காதில் விழக் கூடாது. எங்கள் குடும்ப குரூப்பில் ஆயிரத்துச் சொச்சம் செய்தி இவர் திறக்காமலே கிடக்கிறது. எனக்கு எரிச்சல்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் சண்டை போடக்கூடத் தெம்பு வராது.

காலேஜில் படிக்கும் எங்கள் மகளுக்கு, அப்பா தன் போனையும் நோண்டுவார் என்று ஒரு சந்தேகம். அவர் தொட்டதே இல்லை. அதை அவள் நம்ப மூன்று வருடம் பிடித்தது. சமீபத்தில்தான் போனைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போக ஆரம்பித்திருந்தாள்.

போன மாதம் பைக் திருட்டில் ஒருத்தன் மாட்டினான். தன் அக்காவின் போனிலிருந்து கூட்டாளிகளோடு பேசியிருக்கிறான். அந்தப் போன் இவர் மேஜைக்கு வந்தது. திறந்து பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. செய்திகள் பட்டியலில் முதல் பெயரே எங்கள் மகளுடையது. அந்த அக்கா இவளுக்கு உயிர்த்தோழி.

தன் சொந்தபந்தத்தில் யார் பெயராவது வந்தால் ஒரு வரிகூடப் படிக்காமல் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வேறு ஆளிடம் ஒப்படைக்க வேண்டும். இவர் அப்படியே செய்தார். போன் பக்கத்து மேஜைக்குப் போனது. அங்கே உட்காரும் மனிதர் கெட்டவர் இல்லை, ஓட்டை வாய், அவ்வளவுதான். மறுநாள் கேன்டீனில் இவர் தோளைத் தட்டி, “பாவம் சார் உங்க பொண்ணு, ரொம்ப அழுதிருக்கு” என்றாராம். எதற்கு என்று இவர் கேட்கவில்லை.

அன்றைக்கு வந்ததும் வராததுமாக மகளை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னார். மறைக்கத் தெரியாத மனுஷன்.

“நான் ஒரு வரிகூட படிக்கலம்மா.”

“அப்ப யாருப்பா படிச்சாங்க?”

“பக்கத்து சீட்டுக்காரர்.”

“எல்லாத்தையுமா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினார். “ஆபீஸ் விதி அப்படிம்மா” என்றார். எனக்கு யார் மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை.

“நீங்களே படிச்சிருக்கலாம்ப்பா” என்றாள் மகள். மேஜையில் இருந்த போனை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள்.