ஆர்லிஸ் பார்க்காத கன்று

டோர்விக் மாவட்டத்தில் ஆர்லிஸ் நைகார்டின் குரலைக் கேட்காத காது கிடையாது. வருடத்தில் ஒன்பது மாதம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவாள். பிள்ளைகள் ஏறும்போது ஒரு பேச்சு, இறங்கும்போது ஒரு பேச்சு, நடுவில் ஜன்னலுக்கு வெளியே தெரியும் சோளக்காடு பற்றி ஒரு பேருரை. ஆகஸ்ட் வந்தால் மாவட்டப் பொருட்காட்சி. அங்கே பிரசவக் கொட்டகையில் மைக் அவள் கையில்.

அந்தக் கொட்டகைக்குத்தான் கூட்டம் அதிகம். ராட்டினத்தைவிட, டிராக்டர் இழுக்கும் போட்டியைவிட அதிகம். அந்த வாரத்தில் நாள் நெருங்கும் சினை மாடுகளைப் பண்ணைக்காரர்கள் கொண்டுவந்து வைக்கோல் பரப்பிய பட்டியில் விடுவார்கள். சுற்றிலும் மரப்படிகளில் இருநூறு பேர் சோளக்கதிரைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மாடு அசைபோடும். ஜனமும் அசைபோடும். தலைக்கு மேலே ஒலிபெருக்கியில் ஆர்லிஸ், "இதோ வாலைத் தூக்குறா பாருங்க! அடடா, ஒண்ணுமில்ல, சாணிதான்!" என்று விளக்கிக்கொண்டே இருப்பாள்.

பத்தொன்பது வருடம் இப்படி விளக்கியிருக்கிறாள். இதில் ஒரே ஒரு குறை. பத்தொன்பது வருடத்தில் ஒரு கன்று பிறந்ததைக்கூட அவள் பார்த்ததில்லை.

நம்ப முடியாதுதான், ஆனால் ஊரே சாட்சி. முதல் வருடம் கழிப்பறைக்குப் போய்த் திரும்பினாள். கன்று எழுந்து நின்றுகொண்டிருந்தது. ஆறாம் வருடம் மின்சாரம் நின்றுபோய், ஜெனரேட்டருக்கு என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்க்கப் போனாள். அந்தப் பத்து நிமிடத்தில் இரட்டைக் கன்று. பதினோராம் வருடம் தொண்டை கட்டிக்கொண்டு ஐந்து நாளும் வீட்டில் படுத்திருந்தாள். அந்த வருடம் முதல் நாள் மத்தியானத்துக்குள் ஏழு மாடுகள் வரிசையாகக் கன்று போட்டன. பொருட்காட்சி வரலாற்றிலேயே அது சாதனை. கமிட்டிக்காரர்கள் ஆனந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவளுக்கு 'சீக்கிரம் குணமாகுங்கள்' என்று வாழ்த்து அட்டை அனுப்பினார்கள்.

மற்ற வருடங்களில் குற்றவாளி பொரித்த சீஸ். கமிட்டி வருடாவருடம் அவளுக்கு மட்டும் ஒரு கட்டு சீஸ் கூப்பன் கொடுக்கும். மாடு படுத்து எழுந்து, படுத்து எழுந்து, மூன்று மணி நேரமாக எதுவும் நடக்காமல் போக்குக் காட்டும்போது, கால்நடை டாக்டர் லாய்ட் ஸ்ட்ராண்ட் மெல்ல அவள் பக்கம் வந்து தொப்பியைச் சரிசெய்வார்.

"ஆர்லிஸ், ரொம்ப நேரமா நிக்கிறீங்க. போய் சூடா சீஸ் சாப்பிட்டு வாங்களேன்."

"வேண்டாம் டாக்டர், இப்பதானே நல்ல கட்டத்துக்கு வந்திருக்கு."

"அட, போயிட்டு வாங்க."

"வேண்டாம், வேண்டாம்."

"இல்ல, நெஜமாவே போயிட்டு வாங்க."

மூன்றாம் முறை கேட்டபின் மறுப்பது அந்த ஊரில் மரியாதை இல்லை. போவாள். சீஸ் கடை வரிசை அனுமார் வாலாக நீண்டிருக்கும். கையில் காகிதக் கூடையோடு திரும்பும்போது தூரத்திலேயே 'ஆகா' என்று கூட்டத்தின் குரல் கேட்கும். உள்ளே வந்து, யாராவது காதில் சொன்னதை வாங்கிக்கொண்டு, "கிடாரிக் கன்னு! எவ்வளவு அழகு!" என்று நேரில் பார்த்தவள் மாதிரியே அறிவிப்பாள். எனக்கு மட்டும் இந்தக் கௌரவம் என்று கூப்பன் அடிக்கட்டைகளைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். கொழுப்பு ஏறிவிட்டது என்று அவளுடைய டாக்டர் திட்டியது தனிக்கதை.

அவளுடைய அப்பா டவுனில் முடிவெட்டும் கடை வைத்திருந்தவர். அவள் கட்டிக்கொண்டவன் மெர்லின், சோளமும் பன்றியும் வளர்ப்பவன். மாடு ஆகாது அவனுக்கு, தும்மல் வரும். பேருந்து ஓட்டும் வழியெல்லாம் அவள் பார்த்தது எழுந்து நின்ற கன்றுகளைத்தான். அது எப்படி வந்து நின்றது என்று பார்க்கும் ஆசை அறுபத்து மூன்று வயதிலும் தீரவில்லை.

பக்கத்துக் கொட்டகையில் மெர்லின் பன்றிகளுக்குக் காவல். அங்கே மைக் கிடையாது. பத்தொன்பது வருடத்தில் அவன் கண்முன் ஆயிரம் குட்டிகளாவது பிறந்திருக்கும். தினமும் வீடு திரும்பும் வழியில் அவள் கேட்பாள்.

"இன்னிக்கு எத்தனை குட்டி?"

"பதிமூணு."

"எப்படி இருந்துச்சு?"

"மோசமில்ல."

அவ்வளவுதான். பேச்சு முழுவதையும் அவளுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன் அவன். ஆனாலும் 'மோசமில்ல' என்பதை லேசாக எடைபோடக் கூடாது. அந்தப் பக்கத்தில் அதற்கு மேல் பாராட்டு இல்லை. கல்யாணத்தன்று தேவாலய வாசலில் அவளைப் பார்த்து மெர்லின் சொன்னதும் அதே வார்த்தைதான். அதைச் சொல்லும்போது அழுதுவிட்டான்.

சென்ற ஜூலையில் ஆர்லிஸ் ஒரு காரியம் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, கோப்பையை வைத்துவிட்டுச் சபதம் போட்டாள்.

"இந்த வருஷம் என் கண்ணால ஒரு கன்னாவது பொறக்கிறதப் பாக்கணும். இல்லேன்னா இனி அந்த மைக்கத் தொடமாட்டேன்."

அந்த ஊரில் சபதமெல்லாம் யாரும் போடுவதில்லை. வீடு தீப்பற்றினால்கூட, 'கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்குல்ல?' என்று கேட்கும் ஜனம் அது. ஒருத்தி தட்டை நீட்டி, "இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கங்க ஆர்லிஸ்" என்றாள்.

ஆகஸ்ட் வந்தது. நான்கு நாளில் நான்கு மாடுகள் கன்று போட்டன. நான்குக்கும் ஆர்லிஸ் சீஸ் வரிசையில் நின்றாள். ஐந்தாம் நாள், கடைசி நாள். மிச்சம் இருந்தது லொரெட்டா ஒருத்திதான். கறுப்பும் வெள்ளையுமான பெரிய உருப்படி, பாதிரியாரின் மனைவியைப் போல் கண்டிப்பான பார்வை. காலை ஒன்பது மணிக்கே மடி கனத்து, வாலடி குழைந்து, கன்று போடும் அறிகுறி தெரிந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்கும் அதே நிலைதான். படுப்பாள், ஒலிபெருக்கி கொஞ்சம் அலறினால் எழுந்துவிடுவாள்.

லாய்ட் வந்து தொப்பியைச் சரிசெய்தார். "ஆர்லிஸ், சூடா சீஸ்…"

"முடியாது டாக்டர்."

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் முடியாது என்றாள். நான்காம் முறை கேட்பது அவர் வழக்கம் இல்லை. தூண் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அப்போதுதான் டினா கபூட்டோ வேலியைத் தாண்டி உள்ளே குதித்தாள். நியூ ஜெர்சிக்காரி. வசந்தத்தில்தான் லாய்டுக்குத் துணை டாக்டராக வந்திருந்தாள். மனதில் பட்டதை வாயில் கொட்டிவிடும் ரகம். அதனாலேயே ஊர் அவளை இன்னும் சாப்பாட்டுக்கு அழைக்கவில்லை.

"அம்மா தாயே," என்றாள் டினா, "அந்த மாடு ஏன் கன்னு போடலேன்னு உங்களுக்கு நெஜமாவே தெரியாதா?"

"முதல் பிரசவம், பாவம், பயப்படுறா."

"பயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க பேசறீங்க! ஒலிபெருக்கி நேரா அது தலைக்கு மேல. மாடுன்னா அமைதி தேடும். இருநூறு பேர் சும்மா உக்காந்திருந்தா அதுக்குக் கவலையில்ல. மண்டைக்கு மேல ஒரு ஆள் மூணு மணி நேரம் மூச்சுவிடாம பேசினா நானே அடக்கிக்குவேன். அதுக்குத்தானே உங்கள சீஸ் வாங்க அனுப்புறாங்க!"

மைக் அணைக்கப்படவில்லை. இருநூறு பேரும் கேட்டார்கள். இருநூறு பேரும் உடனே தங்கள் செருப்பைக் குனிந்து பார்த்தார்கள்.

ஆர்லிஸ் திரும்பினாள். "லாய்ட். நெஜமா?"

"அப்படின்னு முழுசா சொல்லிட முடியாது," என்றார் லாய்ட், தூணிடம். "அப்படி இல்லேன்னும் சொல்லிட முடியாது. குரல் நல்ல குரல்தான்."

"பத்தொன்பது வருஷமா?"

"சொல்லணும்னு ஒவ்வொரு வருஷமும் நெனப்போம். சந்தர்ப்பம் அமையல."

அவளுக்கு வலித்தது. சுவரில் ஒட்டிய கூப்பன்கள் ஞாபகம் வந்தன. தொண்டை கட்டிய வருடம் வந்த வாழ்த்து அட்டையும் ஞாபகம் வந்தது. அதில் நாற்பத்திரண்டு கையெழுத்து. 'அவசரமில்லாம நல்லா ஓய்வெடுங்க' என்று ஒருவர் கோடு போட்டு எழுதியிருந்தார். ஒரு ஊரே சேர்ந்து தன்னிடம் வாயை மூடு என்று சொல்ல வெட்கப்பட்டு, பத்தொன்பது வருடம் எண்ணெய்ப் பலகாரம் வாங்கிக் கொடுத்திருக்கிறது. கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தாள்.

லொரெட்டா அப்போதுதான் மெல்ல முழங்காலை மடித்துக்கொண்டிருந்தாள்.

ஆர்லிஸ் வாயை மூடினாள். மைக்கை மடியில் வைத்துக்கொண்டு வைக்கோல் கட்டு மேல் உட்கார்ந்தாள்.

ஒரு நிமிடம் போயிற்று. மின்விசிறி சுற்றும் சத்தம் அந்தக் கொட்டகையில் முதல் முறையாக அவள் காதில் விழுந்தது. இரண்டாவது நிமிடம் படிகளில் சலசலப்பு. 'உடம்பு சரியில்லையோ?' என்று ஒரு குரல். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஒருவர் குற்ற உணர்ச்சி தாங்காமல் ஓடிப்போய் ஒரு கூடை சீஸ் வாங்கி வந்து அவள் காலடியில் காணிக்கை மாதிரி வைத்துவிட்டு நழுவினார்.

ஐந்தாவது நிமிடம் லொரெட்டாவின் பனிக்குடம் தெரிந்தது. 'இதோ பாருங்க!' என்ற சொல் ஆர்லிஸின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவசரமாக ஒரு சீஸை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். குளம்பு நுனி எட்டிப் பார்த்தது, இன்னொரு சீஸ். உள்ளே போய்விட்டது, இன்னும் இரண்டு. கன்னம் இரண்டும் உப்பி, முகம் சிவந்து, கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

அந்த நேரத்தில் பக்கத்துக் கொட்டகையிலிருந்து மெர்லின் ஓடிவந்தான். நாற்பது வருடத்தில் அவன் ஓடி யாரும் பார்த்ததில்லை. ஒலிபெருக்கி நின்றுபோனது அவன் காதில் விழுந்திருக்கிறது.

"செத்துப்போயிட்டியோன்னு நெனச்சேன்," என்றான். இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது. ஒரு வாரத்துப் பேச்சு அதிலேயே தீர்ந்துவிட்டது.

ஆர்லிஸ் உதட்டில் விரலை வைத்தாள். பிறகு ஒலிபெருக்கியைக் காட்டினாள், சீஸைக் காட்டினாள், புருவத்தை உயர்த்தி அவனைக் காட்டினாள். உனக்கும் தெரியுமா? மெர்லின் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். தெரியும். அவள் அவன் முழங்கையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, உட்கார இடம் விட்டாள். அவன் உட்கார்ந்து, தும்மல் வராமலிருக்க மூக்கைப் பிடித்துக்கொண்டான். வாயடைத்த மனைவியும் மூக்கடைத்த கணவனுமாக இருவரும் பட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லொரெட்டா முழுதாகச் சாய்ந்து படுத்தாள். வயிறு இறுகி இறுகித் தளர்ந்தது. இரண்டு வெள்ளைக் குளம்புகள், அதன் மேல் ஒரு ஈர மூக்கு, ஓரத்தில் மடங்கித் தொங்கும் நாக்கு. இன்னொரு முக்கல். நெற்றி வந்தது, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. பிறகு எல்லாமே ஒரே வழுக்கலில் வைக்கோல் மேல் வந்து விழுந்தது. டினா கிட்டப் போய் மூக்கைத் துடைத்தாள். கன்று தலையை உதறி, ஒரு தும்மல் போட்டது. மெர்லினும் போட்டான்.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம். கிடாரியா, காளையா என்று மைக்கில் ஆர்லிஸ் சொல்லும்வரை யாரும் கைதட்ட மாட்டார்கள். இருநூறு பேரும் தட்டுவதற்குத் தயாராகக் கையைத் தூக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார்கள். டினா பின்னங்காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கிடாரி என்று உதட்டை அசைத்துக் காட்டினாள்.

ஆர்லிஸ் மைக்கை எடுத்தாள். சீஸை விழுங்கிவிட்டாள். வாய் காலியாகத்தான் இருந்தது. ஆனால் வார்த்தை வரவில்லை. பத்தொன்பது வருடமாக அவள் விளக்கியதற்கும் இப்போது பார்த்ததற்கும் கொஞ்சமும் சம்பந்தமில்லை. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. இருநூறு பேரின் கைகளும் அந்தரத்தில் நின்றன. அரை நிமிடம், ஒரு நிமிடம்.

கடைசியில் மெர்லின்தான் அவள் பக்கம் சாய்ந்தான். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தக் கேள்வியை அவன் கேட்டான்.

"எப்படி இருந்துச்சு?"

"மோசமில்ல," என்றாள் ஆர்லிஸ்.

ஒலிபெருக்கி அதைக் கொட்டகை முழுக்கக் கொண்டுபோயிற்று. கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. கிடாரியா காளையா என்று அன்று யாரும் கேட்கவில்லை. லொரெட்டா மட்டும் தலையைத் திருப்பி ஒலிபெருக்கியை ஒரு முறை முறைத்துவிட்டு, கன்றை நக்க ஆரம்பித்தாள்.