குரலைப் பார்த்துக் குதித்தவள்

ஓர் எலிக்காக ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், சொன்னவரைத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். எலி என்றால் எனக்கு அவ்வளவு அருவருப்பு.

குரோம்பேட்டையில் இன்ஜினியரிங் படித்த என் மகள், கடைசி வருடத்தில் ஒரு வெள்ளை எலியைச் செருப்பு டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். படிப்பு முடிந்து பெங்களூரில் வேலை கிடைத்ததும் அவள் கிளம்பிவிட்டாள். எலி ராஜகீழ்ப்பாக்கத்தில் என் தலையில் விழுந்தது. "ஒரு மாசம் பாத்துக்கோம்மா" என்றாள். எந்த மாதம் என்று சொல்லவில்லை.

குட்டி என்று கூப்பிட்டோம். பால் நிறம், சிவப்புக் கண்கள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் குரலுக்குப் பெஞ்சே எழுந்து நிற்கும் என்பார் என் கணவர். அந்தக் குரலைக் கொஞ்சம் குழைத்து, "வாடி தங்கம், வா" என்றால் போதும். ஹாலில் தையல் மிஷின் மேல் உட்கார்ந்திருப்பவள் தலையை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டுவாள். பிறகு ஒரே தாவல், பக்கத்து நாற்காலியில் இருக்கும் என் மடிக்கு. அருவருப்பெல்லாம் எப்போது போனதென்றே தெரியவில்லை.

டிசம்பர் வந்தால் எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்கு எங்கள் வீட்டில்தான் பிராக்டிஸ். என் கணவர் கீபோர்டு வாசிப்பார். குட்டி மிஷின் மேல் ஏறி உட்கார்ந்து தலையை ஆட்டுவாள். "தாளம் தப்பாம ஆடுது பாருங்க" என்று எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவர் அதை வீடியோ எடுத்தார். நான் கூப்பிடுவதும் அவள் தாவுவதும் அதிலேயே வந்துவிட்டன. சர்ச் வாட்ஸப் குரூப்பில் அது சுற்றியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை பிராக்டிஸின்போது நான் சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தேன். ஹாலிலிருந்து ஒரு குரல் கேட்டது. "வாடி தங்கம், வா."

என் குரல். நான் வாயே திறக்கவில்லை.

ஒரு நொடி எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் ஓர் அலறல், நாற்காலி சாயும் சத்தம். வடிகட்டியோடு ஓடினேன். குழுவில் ஆல்ட்டோ என்ற கீழ்க்குரல் பாடும் அக்கா, புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு அந்த வீடியோவைப் போட்டுக் காட்டியிருக்கிறார். கையில் நீட்டிப் பிடித்திருந்த போனை நோக்கிக் குட்டி தாவியிருக்கிறாள். எலி தன்மேல் பாய்ந்தால் யார்தான் கையை இழுத்துக்கொள்ள மாட்டார்கள்? மொசைக் தரையில் கிடந்தாள். பின்னங்கால் ஒன்று உடம்புக்கு அடியில் தப்பான பக்கம் மடங்கியிருந்தது. ஒரு சத்தமும் போடவில்லை. அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

"நான் ஒண்ணுமே பண்ணல டீச்சர், வீடியோதான் போட்டேன்" என்று அந்த அக்கா நடுங்கினார். அவரைச் சொல்லி என்ன பயன்?

அவளைப் பழைய செருப்பு டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரர் கேட்டார், "இன்னாக்கா கீது டப்பால?"

"எலி. அடிபட்டுடுச்சு."

"எலிக்கு ஆஸ்பத்திரியா?" என்று சிரித்தபடி திரும்பியவர், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார். மேடவாக்கம் நெரிசலில் மாட்டாமல் சந்துகளில் புகுந்து கீழ்க்கட்டளை கிளினிக் வாசலில் இறக்கிவிட்டார்.

டாக்டர் சின்னப் பெண். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, எலும்பு முறிவு என்றார். ஓரிரு நாள் போனால்தான் பிழைப்பாளா என்று சொல்ல முடியும் என்றார். எப்படி விழுந்தாள் என்று கேட்டார். சொன்னேன்.

"கண்ணு சரியா தெரியாதுல்ல மேடம், அதான்."

"யாருக்கு?"

"இவளுக்குத்தான். சிவப்புக் கண்ணு இருக்கிற எலிங்களுக்கு எல்லாமே மங்கலாதான் இருக்கும். தலையை இப்படி ஆட்டுவாளே, நீங்க பாத்ததில்லையா?"

"அது பாட்டு கேட்டு ஆடுவா..."

"இல்ல மேடம். எதிர்ல இருக்கிறது எவ்ளோ தூரம்னு கண்டுபிடிக்க ஆட்டுறது அது."

ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். மடியில் வைத்துச் சோறு ஊட்டியிருக்கிறேன். அவள் கண் தெரியாமல் தடுமாறியதற்கு நாங்கள் கும்பலாக உட்கார்ந்து கைதட்டியிருக்கிறோம். வீட்டுக்கு வந்து அந்த வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்த்தேன். எவ்வளவு நேரம் ஆட்டியிருக்கிறாள்! என்னைத் தேடியிருக்கிறாள். தெளிவாகத் தெரியாமலே, குரல் வந்த பக்கம் நான் இருப்பேன் என்று தினமும் குதித்திருக்கிறாள்.

பிழைத்துக்கொண்டாள். ஆனால் எலும்பு கூடும்வரை இன்னொரு முறை விழக் கூடாது, விழுந்தால் தாங்க மாட்டாள் என்றார் டாக்டர். நாங்கள் பக்கத்தில் இல்லாதபோது கூண்டில்தான் இருக்க வேண்டும். சாமான்களை இடம் மாற்றக் கூடாது. அவள் நடக்கும் ஓரங்களில் பினாயில் கூடாது, மோப்பத்தடம் அழிந்துவிடும். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கவில்லை. "இனிமே எலிதான் இந்த வீட்டு ஓனர்" என்று முணுமுணுத்த என் கணவர்தான் முட்டையை மசித்து அவளுக்கு ஊட்டினார். நான் தூரத்திலிருந்து கூப்பிடுவதை அடியோடு விட்டேன். வீட்டுக்குள் கிசுகிசுத்தே பேசினேன்.

பொங்கல் லீவில் ஒருநாள், ஹாலின் அந்தக் கோடியில் நின்று மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். காலையில் சாப்பிடாமல் ஆபீஸ் போகிறாளாம். கோபத்தில் பழைய குரல் வந்துவிட்டது. தற்செயலாகத் திரும்பினால், தையல் மிஷின் விளிம்பில் குட்டி நின்றுகொண்டிருந்தாள். கூண்டைச் சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது. ஆறியும் ஆறாத காலோடு எப்படி ஏறினாளோ. என் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பேச்சை நிறுத்தினால் கடைசியாகக் குரல் கேட்ட இடத்துக்கு, ஒன்றுமில்லாத வெளியில் குதித்துவிடுவாள். நின்ற இடத்திலேயே பேசினாலும் குதித்துவிடுவாள். பேசிக்கொண்டே அவளிடம் நடப்பதைத் தவிர வேறு வழியில்லை. "ரெண்டு இட்லி சாப்பிட எவ்ளோ நேரம்டி ஆகும்? ரெண்டு இட்லி" என்று சொல்லிக்கொண்டே போனேன். வேறு வார்த்தையே கிடைக்கவில்லை. தலை ஆடுவது மெல்ல மெல்ல நின்றது. என் வயிறு மிஷினில் இடித்தது. மீசையால் என் புடவையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு குதிக்காமல், ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து என் கைக்கு நடந்து வந்தாள்.

"அம்மா, சாப்பிடுறேன்னு சொல்லிட்டேனே, ஏன் அதையே சொல்லிட்டிருக்க? அழறியா?" என்றாள் மகள் போனில்.

"ரெண்டு இட்லிடி" என்றேன். என்னால் நிறுத்த முடியவில்லை.