சம்பந்தி மேடம்

போன வாரம் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: "சம்பந்தி மேடம் போயிட்டாக." தூத்துக்குடிக் கல்லூரியில் என்னோடு நுண்ணுயிரியல் நடத்திய ஜெனோவாவைத்தான் சொல்கிறார்கள். அழுகைக்கு முன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இறந்த செய்தியிலும் அந்தச் சொல்தானா?

அந்தச் சொல் வந்த கதை அவளிடம் படித்தவர்களுக்கெல்லாம் தெரியும். பாக்டீரியாவின் ரைபோசோம் ஆர்.என்.ஏ. என்பது ஏ, யூ, ஜி, சி என்ற நான்கே எழுத்துகள் மாறி மாறி வரும் நீண்ட இழை. அது தன்மேலேயே மடங்கும்போது ஏ-யும் யூ-வும், ஜி-யும் சி-யும் எதிரெதிரே சேர்ந்துகொள்ளும். நான் இதைக் கலர் சாக்பீஸில் அழகாக வரைவேன். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அவள் வகுப்பில், "ஏ வீட்டுக்கு யூ வீடு சம்பந்தி. ஜி-க்கு சி சம்பந்தி. வேற வீட்ல லேசுல கை நனைக்க மாட்டாக" என்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் எழும். அதைக் கேட்டு என் வகுப்பும் சிரிக்கும்.

ஒருமுறை ஆறுமுகநேரி உப்பளத்து நீரிலிருந்து ஒரு பாக்டீரியாவை வளர்த்தெடுத்தேன். அதன் ஆர்.என்.ஏ. எழுத்து வரிசையில் ஒரு மடிப்பில் மட்டும் சில எழுத்துகள் வேறெதிலும் இல்லாதபடி இருந்தன. புது இனம் என்றே நம்பினேன். பெயர்கூட யோசித்துவிட்டேன். இத்தனை வருட வேலைக்கு என் பெயர் நிற்க அது ஒன்றுதான் வழி. ஜெனோவா டீயைக் குடித்துக்கொண்டே பார்த்தாள்.

"ஏளா, இந்தப் பக்கம் மாறிருக்கு, எதிர்த்தாப்ல சம்பந்தி அப்படியே இருக்கே! ஒரு வீட்ல மாறுனா அடுத்த வீடு சும்மா இருக்குமா? மெஷின் தப்பா வாசிச்சிருக்கு. திரும்ப ஓட்டிப் பாரு."

ஓட்டினேன். எல்லோருக்கும் தெரிந்த பழைய பாக்டீரியாதான். அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். பெருந்தன்மையும் அவளுக்கே வாய்த்திருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு மாணவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், 'நான் நடத்துதது சரியான்னு பக்கத்து ரூம் சம்பந்தி மொகத்தப் பாத்தாத் தெரிஞ்சிரும்'னு அவங்க சொல்லுவாங்க. அது நீங்கதானே?"

வயிறு எரிந்து அவளைப் பார்த்த என் முகத்தை அவள் இப்படியா வாசித்தாள்? அங்கேதான் நான் அழுதேன்.

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு சொல்தான். நேற்று வகுப்பில் நானும் "சம்பந்தி" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் சத்தம் சுவரைத் தாண்டியிருக்காது.