சீக்கிரம் என்பதற்கு எத்தனை சொல்

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் மெயில் பார்ப்பது என் வேலை. இங்கிலீஷில் வருவதைக் கப்பல்காரர் வீட்டு ஆட்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதிலேதான் மண்ணைக் கவ்வினேன்.

சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் ஒருவரின் மனைவி வந்தார். கணவரின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஆனால் மாற்று ஆள் போய் ஏறினால்தான் அவர் இறங்க முடியும். மகளுக்கு மாப்பிள்ளை பேசி வைத்திருந்தார்கள். “அவிய எப்ப வருவாவ அண்ணாச்சி?” என்று கேட்டார். கம்பெனிக்கு எழுதினேன். மாற்று ஆள் ‘வெரி சூன்’ ஏறுவார் என்று பதில் வந்தது. “சீக்கிரம் வந்திருவாரும்மா” என்றேன். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அந்த ஒரு சொல்லை நம்பி நாள் குறித்து, மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கவும் கொடுத்துவிட்டார். மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பேரை வாசிப்பார்கள். அதன்பின் நாளைத் தள்ளினால் மாப்பிள்ளை வீட்டில் ஆயிரம் கேள்வி வரும்.

முதல் ஓலை வாசித்ததும் மறுபடி எழுதினேன். ‘ஷார்ட்லி’ என்றார்கள். இரண்டாம் ஓலைக்கு ‘அட் தி எர்லியஸ்ட்’. அகராதியைப் புரட்டினேன். விரைவில், கூடிய விரைவில், இயன்ற விரைவில். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஒரு தேதி சொல்ல வக்கில்லாதவனுக்கு இத்தனை சொல் எதற்கு? மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள் ‘இன் டியூ கோர்ஸ்’ என்று வந்தது. இருபத்தைந்து வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருத்தனும் ஒன்றும் செய்யவில்லை என்பதைத்தான் அப்படி எழுதுவார்கள்.

“அவரு வாரது கஷ்டம்தாம்மா” என்றேன்.

“சீக்கிரம்னு சொன்னியளே அண்ணாச்சி.” நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். தாய்மாமன்தான் பெண்ணைப் பீடத்துக்குக் கூட்டிப் போனார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பந்திக்குப் போனேன். அந்த அம்மா தேடிக்கொண்டு வந்தார்.

“ரெண்டு நாளா அவியளுக்குப் போன் போவல. கப்பலுக்கு ஒரு மெயில் போட்டிருங்க அண்ணாச்சி.”

“என்னன்னும்மா எழுத?”

“பிள்ளைக்கு நல்லபடியா முடிஞ்சிட்டுன்னு எழுதுங்க. இனி அவசரப்பட்டு வர வேண்டாம்னு எழுதுங்க.”