ஏணியடியில் இத்தாலிய வினைகள்

இத்தாலியில் படிக்கும் என் மகள் போன தை மாதம் மிளகுப் பறிப்புக்கு ஊருக்கு வந்திருந்தாள். தினமும் சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் ஃபோனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பாறைக்குப் போய்விடுவாள். எங்கள் பக்கம் சிக்னல் கிடைப்பது அந்தப் பாறையிலும் அதை ஒட்டிய மிளகுத் தோட்டத்திலும்தான். அதனால் அங்கே போனதை நான் தப்புச் சொல்லவில்லை. போய்ப் பேசிய விதம்தான் உறுத்தியது. சிரிப்பு இல்லை, சண்டை இல்லை, எதிர்ப்பக்கத்துக்குக் காது கொடுக்கிற இடைவெளிகூட இல்லை. ஒரே சீராக, தாலாட்டுகிற மாதிரி, அவள் மட்டும் பேசிக்கொண்டே இருந்தாள்.

நான் சந்தேகக்காரி, அதை மறைப்பதற்கில்லை. சோளக்காட்டுச் சந்தையில் சாமான் வாங்கும்போது தராசைப் பார்க்க மாட்டேன், எடை போடுகிறவரின் விரலைத்தான் பார்ப்பேன். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பிள்ளை வயிற்றுவலி என்றால் அன்றைக்கு என்ன பரீட்சை என்று முதலில் யோசிப்பேன். "உன்னய ஸ்டேசன்ல உக்கார வெச்சிருக்கோணும் அம்மிணி, தப்பிப் பள்ளிக்கூடத்துக்கு வந்துட்ட" என்பார் என் வீட்டுக்காரர்.

அந்தச் சமயத்தில் என் சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. எங்கள் மலையிலேயே இருக்கும் எடப்புளி நாட்டிலிருந்து ஒரு நல்ல குடும்பம் பெண் கேட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நானும் பாதி வாக்குக் கொடுத்துவிட்டேன். படிப்பு முடியப்போகிறது. இனி இங்கேயே இருப்பாயா, திரும்பவும் அங்கேதான் போவாயா என்று மகளிடம் கேட்டால், "பாக்கலாங்கம்மா" என்பாள். எப்போது கேட்டாலும் அதே பாக்கலாம்தான். அப்படிச் சொல்கிறவர்கள் ஏற்கெனவே எல்லாவற்றையும் பார்த்து முடித்திருப்பார்கள் என்பது என் அனுபவம்.

எனவே நான் பாறைக்குக் கீழே இருந்த காப்பிச் செடிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். களை பிடுங்குகிற பாவனையில் காதைத் தீட்டிக்கொண்டேன். "அஸ்பெத்தோ, அஸ்பெத்தி, அஸ்பெத்தா" என்று கேட்டது. அதை அப்படியே மனசில் வாங்கிக்கொண்டு, அவள் போனதும் பாறையில் ஏறி என் ஃபோனிடம் சொல்லி அர்த்தம் கேட்டேன். காத்திருக்கிறேன், காத்திருக்கிறாய், காத்திருக்கிறான் என்று வந்தது. எவனோ ஒருவன் அங்கே காத்திருக்கிறான். இவளும் காத்திருக்கிறாள். நான் இங்கே எடப்புளி நாட்டுக்காரர்களுக்குப் பலகாரம் யோசித்துக்கொண்டிருக்கிறேன்!

மற்ற தாய்மார்கள் என்ன செய்திருப்பார்களோ தெரியாது. நான் இத்தாலிய மொழி படிக்க ஆரம்பித்தேன். மொழி முழுவதையும் அல்ல, வினைச்சொற்களை மட்டும். ரொட்டிக்கும் நாற்காலிக்கும் அவர்கள் என்ன பேர் வைத்திருந்தால் எனக்கென்ன? யார் செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்பது வினையில்தான் இருக்கிறது. ஒரு ஆளை மடக்க அது போதும். பள்ளிக்கூடத்தில் உணவு இடைவேளையிலும், வீட்டில் மரவள்ளிக் கிழங்கு உரிக்கும்போதும், தோட்டத்தில் நின்று ஃபோனில் இறக்கிக்கொண்ட பாடங்களைக் காதில் மாட்டிக் கேட்டேன்.

நிகழ்காலம் சீக்கிரம் பிடிபட்டது. நம் வினைமுற்று மாதிரியே வாலைப் பார்த்தால் ஆள் தெரிந்துவிடுகிறது. இறந்தகாலத்தில் சிக்கல். நடந்து முடிந்ததற்கு ஒன்று, நடந்துகொண்டே இருந்ததற்கு இன்னொன்று என்று வைத்திருக்கிறார்கள். அஸ்பெத்தாவோ என்றால் காத்துக்கொண்டிருந்தேன். எதிர்காலத்துக்கு அஸ்பெத்தெரோ. முடிந்தால் காத்திருப்பேன் என்று இழுப்பதற்கு அஸ்பெத்தெரேய். இதையெல்லாம் தாண்டினால் சந்தேகத்துக்கும் பயத்துக்கும் ஆசைக்கும் என்றே தனியாக ஒரு வகை. அவன் காத்திருக்கிறானோ என்று அஞ்சுகிறேன், அவள் வராமல் போவாளோ என்று நினைக்கிறேன், இப்படிப்பட்ட வாக்கியங்களில் வினை வேறு சட்டை போட்டுக்கொள்கிறது. அதைப் படித்தபோது அந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்கு முதல்முறையாக மரியாதை வந்தது. என் பிழைப்பு முழுக்க அந்த வகையில்தான் ஓடுகிறது.

இந்த ஆயுதங்களோடு மறுபடி காப்பிச் செடிக்குப் போனேன். கேட்கக் கேட்கக் குழப்பமாகிவிட்டது. மகள் யாரிடமும் எதையும் பேசவில்லை. வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என்று வரிசை பிசகாமல் சொல்லிவிட்டு அடுத்த காலத்துக்குப் போனாள். காத்திருத்தல் முடிந்ததும் தூங்குதல், அது முடிந்ததும் கழுவுதல். அன்புக்குரியவனிடம் யாராவது 'நான் கழுவியிருப்பேன், நீ கழுவியிருப்பாய்' என்று சொல்வார்களா?

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. நான் ஒளிந்திருப்பது இவளுக்குத் தெரிந்துவிட்டது. என்னை ஏமாற்றத்தான் வாய்ப்பாடு. நிஜப் பேச்சு வேறெங்கோ, வேறொரு நேரத்தில் நடக்கிறது. என் வயிற்றில் பிறந்தவளாயிற்றே, அவ்வளவு விவரம் இல்லாமலா இருப்பாள்? வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ரெண்டு பேருமே லூசுங்க" என்று சொல்லிவிட்டு அவர் மூட்டையை ஏற்றப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் காலையிலேயே சோளக்காட்டுக்குப் போயிருந்தார். பள்ளியிலிருந்து நான் திரும்பியதும் நானும் மகளும் மட்டும் மிளகு பறித்தோம். எங்கள் தோட்டத்தில் கொடிகள் சில்வர் ஓக் மரங்களில் உயரமாகப் படர்ந்திருக்கின்றன. ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து ஒருவர் ஏற, இன்னொருவர் அடியில் பிடித்துக்கொள்ள வேண்டும். பெண் பிள்ளை ஏறலாமா என்று கேட்டவர்களையெல்லாம் சின்ன வயதிலேயே வாயடைத்தவள் என் மகள். பையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறிவிட்டாள்.

ஏணி பிடிக்கிறவர்களுக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு கட்டாயம் உண்டு. குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இலைக்குள் போய்விட்டவருக்குக் கீழே இருப்பவர் தெரியாது. குரல் கேட்கிறவரை ஏணியடியில் ஆள் இருக்கிறது என்று நம்பி இரண்டு கையாலும் பறிக்கலாம். குரல் நின்றால் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். என்ன பேசுகிறோம் என்பது கணக்கில்லை. பஸ் போகிறது, குரங்கு வருகிறது, பக்கத்துத் தோட்டத்துக்காரரின் மூக்கு நீளம், எதுவானாலும் சரி. அன்றைக்கு நான் எடப்புளி நாட்டு மாப்பிள்ளையின் குணநலன்களைக் குரலாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது என் தோளில் தொங்கிய பைக்குள் அவளுடைய ஃபோன் அடித்தது. நேரம் மறந்து ஏறிவிட்டாள் போலிருக்கிறது. மேலேயிருந்து பதறினாள்.

"அம்மா, அத எடுங்க, சீக்கிரம்! ஸ்பீக்கர்ல போடுங்க!"

"யாரு கண்ணு?"

"நா குடியிருக்கிற ஊட்டுக்காரம்மா. கண்ணு செரியாத் தெரியாது. கடைக்குப் போய்ட்டு வந்து இப்பப் படியேறோணும், மேல் மாடி. ஒருக்கா உழுந்துட்டாங்க, அதுலருந்து பயம். நாந்தான் பின்னாலயே குரல் கொடுத்துட்டு ஏறுவேன். மொத நாள்ல எனக்கு அந்தப் பாசையில வினை மட்டுந்தான் தெரியும், அதயே சொன்னேன். இப்பவும் அவங்களுக்கு அதுதான் வேணுங்குது. நீங்க சொல்லுங்கம்மா!"

"எனக்கெங்க தெரியும்?" என்றேன்.

"காப்பிச் செடிக்குப் பின்னால உக்காந்து பாடங் கேட்டீங்களே, அது போதும்."

மாட்டிக்கொண்ட வெட்கத்தை அனுபவிக்கக்கூட அவகாசம் இல்லை. ஃபோனை ரவிக்கை ஓரத்தில் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தேன். எதிர்ப்பக்கம் மூச்சிரைப்பு கேட்டது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்பில் சொல்வதுபோல் உரக்க, "அஸ்பெத்தோ, அஸ்பெத்தி, அஸ்பெத்தா" என்றேன்.

புதுக்குரல் என்று அந்த அம்மாள் ஒரு நொடி நின்றுவிட்டார். பிறகு செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு படி ஏறினார். நான் தொடர்ந்தேன். நிகழ்காலத்தில் ஒரு திருப்பம் ஏறினார், இறந்தகாலத்தில் நின்று மூச்சு வாங்கினார். எதிர்காலத்தில் நான் தடுமாற, மேலே இலைக்குள்ளிருந்து மகளும் ஃபோனுக்குள்ளிருந்து அந்த அம்மாளும் ஒரே நேரத்தில் திருத்தினார்கள். மகள் பறித்த கொத்துகள் பையில் விழுந்துகொண்டிருந்தன. என் ஒரு குரலை நம்பி இரண்டு பேர் இரண்டு ஊரில் உயரத்தில் நின்றார்கள். ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். சந்தேக வகை வந்தபோது மட்டும் ஒரு பிசகும் இல்லாமல் சொன்னேன்.

சொல்லிக்கொண்டே எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் தோட்டத்துப் பழக்கத்தைக் கொண்டுபோய் யாரோ ஒருவரின் படிக்கட்டில் கொடுத்திருக்கிறாள். அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அன்றைக்கு ராத்திரி கேட்டேன். "சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?" என்றாள். நம்பியிருக்க மாட்டேன்தான்.

சாவி திரும்புகிற சத்தம் ஃபோனில் கேட்டது. கதவு திறந்தது. அந்த அம்மாள் நீளமாக ஏதோ சொன்னார், பெரும்பாலும் பெயர்ச்சொற்கள், எனக்கு விளங்கவில்லை. நன்றி சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் கொஞ்சம் தயங்கி, ஒரே ஒரு வினையைக் கேள்வியாகக் கேட்டார்.

"தோர்னா?"

திரும்பி வருவாளா என்று கேட்கிறார். மேலே பையில் கொத்து விழுகிற சத்தம் நின்றது. மகளுக்கும் கேட்டிருக்கிறது. அவள் பதில் சொல்வாள் என்று பார்த்தேன், சொல்லவில்லை. என்னிடம் பாக்கலாம் என்று சொன்னவள் அவரிடமும் அதைத்தான் சொல்லி வைத்திருக்கிறாள். இல்லை என்று சொல்ல அந்த மொழியில் ஒரு சின்னச் சொல் போதும், அது எனக்குத் தெரியும். நான் சொன்னால் அந்த அம்மாள் வேறு ஆளைத் தேடிக்கொள்வார். மகளுக்கும் திரும்பிப் போக ஒரு காரணம் குறையும். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்கு நான் முழு வாக்குக் கொடுக்கலாம். இதற்காகத்தானே இவ்வளவு பாடுபட்டுப் படித்தேன்!

ஆனால் ஒருவரைப் படியேற்றிவிட்டு அவர் வாசலில் நின்று கேட்கும்போது எனக்கு அது வரவில்லை.

"தோர்னா" என்றேன். வருகிறாள்.

அந்தப் பக்கம் கதவு சாத்தப்பட்டது. எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஏணியை விட்டுக் கையை எடுக்க முடியாததால் அது பாட்டுக்கு வழிந்தது.

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க?" என்றது மேலேயிருந்து.

"பொய்யா கண்ணு?"

மேலே ஒரு கொத்து பையில் விழுந்தது.

"இல்லீங்கம்மா" என்றாள்.