இரவல் முகம்

வீட்டு ஓனரின் வாசலில் சாமியம்மாள் இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பேசுவது பக்கத்துப் போர்ஷன் உமாராணி. “மோட்டார் போடலன்னா தண்ணிக்கு நாங்க எங்கங்க போறது?” ஓனர் உமாராணியைத் திரும்பியும் பார்க்கவில்லை. சாமியம்மாளின் முகத்தைப் பார்த்தபடியே சுவிட்சைத் தட்டிவிடுகிறார்.

சதுர முகம் அவளுக்கு. அகன்ற தாடை, நெருங்கிய புருவம், இரண்டு ஓரமும் கீழே இறங்கிய வாய். சும்மா இருந்தாலே யாரையோ அடிக்கக் கிளம்பியவள் போலிருக்கும். மந்தாரக்குப்பத்தில் அந்தச் சந்தில் எந்தச் சச்சரவு என்றாலும் அவளை முன்னால் நிறுத்திவிடுவார்கள். “நீ வாயத் தொறக்காதக்கா. சும்மா நின்னுகினு இரு, போதும்.”

வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும். கீச்சுக் குரல். யாராவது அதட்டினால் கண் கலங்கிவிடும். கறிக்கடையில் கோழி அறுக்கும்போது முதுகைக் காட்டி நிற்பாள். பஸ்ஸில் அவள் பக்கத்து இடம் கடைசியில்தான் நிரம்பும். “நான் மொறைக்கலம்மா, எம் மூஞ்சியே இப்படித்தான்” என்று ஏறுகிறவர்களிடம் அவளே சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

உமாராணியோடும் சந்துப் பெண்கள் சிலரோடும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் தெருக்களைப் பெருக்கும் கான்ட்ராக்ட் வேலை. புருஷன் இல்லை. வாடகை, சோறு, மகனின் ஐ.டி.ஐ. படிப்பு எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான்.

போன மாதம் கான்ட்ராக்ட் கை மாறியது. புது சூப்பர்வைசர் சிவப்பிரகாசம் பெண்களை வரிசையாக நிறுத்திப் பார்த்துக்கொண்டே வந்தவர், சாமியம்மாளிடம் நின்றார்.

“வீட்டு ஓனரையே மெரட்டுனது நீதானா? கேள்விப்பட்டேன். இந்தத் தகராறு கேசு நமக்கு வேணாம்.”

பேசினால் அழுகை முந்திக்கொள்ளும் என்று பல்லைக் கடித்தாள். தாடை இன்னும் இறுகியது.

“பாரு, எப்படி மொறைக்குதுன்னு!”

அவள் வீரத்தை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். உமாராணி மட்டும் வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

“சார், அது வாயில்லாப் பூச்சி. சண்ட போட்டதெல்லாம் நானு.”

சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். உமாராணிக்குக் கன்னம் உப்பிய வட்ட முகம், குழி வேறு. “நீயா? பாப்பா மாதிரி இருக்க. போம்மா, போய் நில்லு.”

“யாரு பாப்பா? ரெண்டு புள்ள பெத்தவ சார் நானு! மூஞ்சியப் பாத்துத்தான் வேல குடுப்பீங்கன்னா வெளக்கமாறு எதுக்கு? கண்ணாடியக் குடுங்க எங்க கையில!”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிவப்பிரகாசம் ஓரடி பின்வாங்கினார். “கத்தாத, கத்தாத. முதலாளிகிட்டக் கேட்டுச் சொல்றேன்” என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு இவர்கள் பக்கம் பார்த்தார்.

உமாராணி குள்ளம். அவள் தலைக்கு மேலே தன் முகம் தெரிந்துவிடக் கூடாதே என்று, சாமியம்மாள் அவள் முதுகுக்குப் பின்னால் முழங்காலை மடக்கி மெல்லத் தாழ்ந்துகொண்டாள்.