துடுப்பில் எழுதியிருந்த எண்

கயாக் என்கிற ஒற்றை ஆள் துடுப்புப் படகை வாங்கிய புதிதில் சேலையூரில் எங்கள் தெருவே என்னைக் கிண்டல் செய்தது. "டிசம்பர் வெள்ளத்துக்கு இப்பவே ரெடியா சார்?" என்று கேட்காத ஆளில்லை. நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளுக்குள் கர்வம்தான். ஆபீஸில் மற்றவர்கள் சனிக்கிழமையை மாலில் கழிக்கும்போது, நான் கடலில் பாரை மீன் பிடிக்கிறவன்.

காரின் தலையில் கயாக்கைக் கட்டி, வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் கோவளம் பக்கம் போவேன். அங்கே ஒரு குப்பத்துக் கரையில்தான் இறக்குவது வழக்கம். வலை சரிசெய்துகொண்டிருக்கும் ஒரு அண்ணன், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எப்போதும் ஒரு கை பிடித்துத் தள்ளிவிடுவார்.

அந்தச் சனிக்கிழமை காலை படகுகள் எல்லாமே மணலில் கிடந்தன. அண்ணன் எழுந்து வந்தார்.

"இன்னிக்கு வாணாம் சார். காத்து மாறிகினு கீது. ஒருத்தனும் எறக்கல பாரு."

"வெதர் ஆப்ல பார்த்துட்டுத்தாண்ணா வந்தேன். பத்து மணி வரைக்கும் ஒண்ணும் இல்லை."

உண்மையில் என் மனதில் ஓடியது வேறு. ஒரு படகும் போகவில்லையென்றால் மீன் மொத்தமும் எனக்குத்தானே என்று கணக்குப் போட்டேன். படித்தவனுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி அது. அண்ணன் அன்று தள்ளிவிடவில்லை. நானே தள்ளிக்கொண்டு போனேன்.

முதல் அரை மணி நேரம் சுகமாகத்தான் இருந்தது. பிறகு காற்று எழுந்தது. பக்கவாட்டில் வந்த ஒரு அலை என்னைக் கவிழ்த்துப் போட்டது. துடுப்பு கையைவிட்டுப் போய்விட்டது. அதைக் கயாக்கோடு கட்டும் கயிறு வீட்டில் பத்திரமாக இருந்தது. லைஃப் ஜாக்கெட் புண்ணியத்தில் மிதந்தேன். மூன்று முறை ஏறப் பார்த்தேன், மூன்று முறையும் உப்புத் தண்ணீர் குடித்தேன். கரை சிறிதாகிக்கொண்டே போனது. வெட்கமில்லாமல் அழுதேன்.

அண்ணனும் அவர் மச்சானும் பைபர் படகை இறக்கிக்கொண்டு வந்தார்கள். யாரும் இறக்காத கடலில்.

"அத்த வுட்டுட்டு கைய குடு சார்!"

நான் விடவில்லை. புதுக் கயாக், அதில் இரண்டு தூண்டில் வேறு கட்டியிருந்தது. "இதையும் கட்டிடுங்கண்ணா" என்று கத்தினேன். என்னை இழுக்க அவர் வலது கையைக் கீழே நீட்டியிருந்தார். அடுத்த அலை கயாக்கைத் தூக்கிப் படகின் விளிம்பில் மோதியது. இடையில் அவர் கை. "யப்பா" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. பிறகு இடது கையால் என்னைப் பிடித்து இழுத்துப் போட்டார். கயாக்கை மச்சான் கட்டினார்.

கரைக்கு வந்ததும் நான் முதலில் பார்த்தது கயாக்கில் கீறல் விழுந்திருக்கிறதா என்று. இரண்டாவதாகத்தான் அவர் கையைப் பார்த்தேன். இரண்டு விரல்கள் கத்தரிக்காய் மாதிரி வீங்கிக் கறுத்திருந்தன. "ஆஸ்பத்திரி போலாமாண்ணா?" என்று ஒரே ஒரு முறை கேட்டேன். "வாணாம் சார், நீ கெளம்பு, வூட்ல தேடுவாங்க" என்றார். அந்தப் பதிலுக்காகவே காத்திருந்தவன்போலக் கிளம்பிவிட்டேன்.

வீட்டில் கதை வேறு மாதிரி ஆனது. துடுப்பு போனதும், ஒற்றைக் கையால் கயாக்கைப் பிடித்துக்கொண்டு நானே நீந்திக் கரை சேர்ந்தேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் அவள் அம்மாவிடம் சொன்னாள், எதிர் வீட்டில் சொன்னாள். இரண்டு வாரம் தெருவில் எனக்குத் தனி மரியாதை.

அப்புறம் ஒரு ஞாயிறு நான் குளித்துவிட்டு வரும்போது மனைவி சொன்னாள்: "கோவளத்துலேருந்து போன். உங்க துடுப்பு கரை ஒதுங்கிச்சாம். அதுல உங்க நம்பர் இருந்துச்சாம். நான் அட்ரஸ் குடுத்துட்டேன், பஸ்ல வர்றாராம்."

மார்க்கரால் எண்ணை எழுதியவன் நான்தான். அவர் வந்து சேரும்வரை இரண்டு மணி நேரம் வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்தேன். அவர் வாயைத் திறந்தால் என் மானம் போய்விடும். அவர் கை எப்படி இருக்கிறது என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

ஆளைவிட நீளமான துடுப்போடு வந்து நின்றார். வலது கையில் கட்டு. துடுப்பை நடுவில் அழுத்தி இரண்டாகக் கழற்றிக் காட்டினேன்.

"கழலுமா இது? கண்டக்டர் இன்னா பேச்சு பேசினான் தெரியுமா சார்!" என்று சிரித்தார்.

மனைவி டீ கொண்டுவந்தாள். அவர் இடது கையால் வாங்கினார்.

"கையில என்னண்ணா?"

"வலைல மாட்டிக்கிச்சுமா."

"அன்னிக்கு இவர் தனியாவே நீந்தி வந்தாராமே, பார்த்தீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பாத்தேன்மா. சார் நல்லா நீந்துவாரு."

தெருமுனை வரை கூடப் போனேன். பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, "வூட்ல பயப்படுவாங்கன்னுதானே சார் சொல்லல? நானும் எங்க வூட்ல வலைன்னுதான் சொல்லி வச்சிகிறேன்" என்றார்.

என்னிடம் இல்லாத ஒரு நல்ல மனசை அவராகவே எனக்குக் கொடுத்தார்.

"ஆமாண்ணா" என்று அதையும் வாங்கிக்கொண்டேன்.